பின்பனியும் வீட்டுச் சாவியும்

சற்றே நீண்ட பதிவு. ஆய்வேட்டில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெற வழியில்லாத சில எண்ணங்களை இங்கே எழுதிவைக்கிறேன். மொழியியல், சமூகவியல், தோட்டத் தொழிலாளர் ஆய்வு ஆகிய துறைகளில் இருக்கும் நண்பர்கள் வாசித்து மறுப்புரைத்தால் மகிழ்வேன்.

கடந்த தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மா அமெரிக்காவிலிருந்து காணொளி அழைப்பில் வந்தார். பெரியப்பாவும் அவரும் பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகளில் முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவர்களுடையது. மகன் அரிசோனாவில் பணிபுரிவதால், கார்த்திகையில் புறப்பட்டுச் சென்று குளிர்காலத்தை அங்கே கழித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுச் சாவி எங்களிடம் இருந்தது. செடிகளுக்கு நீர் ஊற்றுவதும் வாரம் ஒருமுறை சன்னல்களைத் திறந்துவைப்பதும் என் தம்பியின் பொறுப்பு.

அன்றைய அழைப்பில் பெரியம்மாவின் பின்னால் சுவரும் இல்லை, சோபாவும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை சரளைக்கல் பரவிய வெற்றுநிலம், ஆங்காங்கே முட்புதர்கள், அவற்றினிடையே வெள்ளை வெள்ளையாக எண்ணற்ற வண்டிகள். மகன் விடுப்பெடுத்து, வாடகைக்கு ஒரு வண்டி பிடித்து, பெற்றோரைக் குவார்ட்சைட் என்னும் பாலைவனச் சிற்றூருக்கு அழைத்துச் சென்றிருந்தான். சுற்றியிருந்தோர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற தம்பதியர். வடமாநிலங்களின் உறைபனிக்கும் கனடாவின் குளிருக்கும் தப்பி, ஆண்டுதோறும் தெற்கே இறங்கிவந்து, வசந்தம் பிறந்ததும் வடக்கே திரும்புவோர். 'பனிப்பறவைகள்' என்று அவர்களை அந்நாட்டார் அழைக்கின்றனர்.

"இந்த வண்டிக்குள்ளயே அடுப்பு இருக்குது, கட்டில் இருக்குது, குளிக்கற ரூம்புகூட இருக்குது கண்ணு. நீ மொழியியல் படிச்சவதானே? இதுக்குத் தமிழ்ல ஒரு பேரு சொல்லு பாக்கலாம்" என்றார் பெரியம்மா.

விளையாட்டாகக் கேட்ட கேள்வி. ஆனால் விடைதேடப் போன இடத்தில் வேறொரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அதைப் பற்றியதே இப்பதிவு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'கேரவன்' என்பதன் மூலம் பாரசீகக் 'கார்வான்'. கள்வர் அச்சம் மிகுந்த நெடுவழிகளில் கூட்டமாகச் செல்லும் பயணியரையும் வணிகரையும் அது குறித்தது. ஆங்கிலத்தில் புகுந்தபின் கூட்டம் மறைந்து, வீடுபோல் அமைந்த ஒரு வண்டியைக் குறிக்கலாயிற்று. நம்மூருக்கு வந்தபோது அதுவும் சுருங்கி, தமிழிலும் மலையாளத்திலும் திரைநடிகர்கள் படப்பிடிப்பிடையே ஒதுங்கியிருக்கும் குளிரூட்டிய அறையாயிற்று. கூட்டத்தைக் குறித்த சொல் தனிமையைக் குறிப்பதில் முடிந்திருக்கிறது.

வணிகக் கூட்டத்துக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு: சாத்து. வடமொழிச் 'சார்த்த' பிராகிருதத்தின் வழியாக வந்து தமிழானது என்பர். கோவலனின் தந்தை மாசாத்துவானின் பெயரில் அச்சொல் இன்றும் உயிரோடிருக்கிறது. உப்பு விற்ற உமணர்கள் குடும்பத்தோடு வண்டிகளில் சென்றதைச் சங்கப் பாடல்கள் பலவாறு காட்டுகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டிச் செல்கிறாள். வண்டியில் காடிப்பானை தொங்குகிறது. அடுப்படியும் தொட்டிலும் சக்கரத்தின்மேல் ஏறிய காட்சி நமக்குப் புதிதன்று.

குவார்ட்சைட்டிலும் சாத்தின் தடம் ஒன்று உள்ளது. 1850களில் அமெரிக்கப் படை பாலைநிலப் போக்குவரத்துக்காக ஒட்டகங்களை இறக்குமதி செய்து பார்த்தது. அவற்றை ஓட்ட வந்தவர்களுள் ஒருவர் ஹாஜி அலி. அவ்வூரார் வாயில் அப்பெயர் 'ஹை ஜாலி' என்றாயிற்று. 1902இல் இறந்த அவருடைய கல்லறைமேல் சிறு பிரமிடு ஒன்று எழுப்பப்பட்டு, உச்சியில் ஒட்டக உருவம் வைக்கப்பட்டிருக்கிறது. ஓய்வுபெற்றோரின் வண்டிகள் இன்று திரளும் ஊரில், வேற்றுநாட்டிலிருந்து வேலைக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவரே முதன்மை நினைவுச்சின்னம். இச்செய்தியை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்; பிறகு உதவும்.

பெரியம்மாவின் படத்தைப் பார்த்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது தொல்காப்பியத்தின் அகத்திணையியல். பாலைக்கு அது தனிநிலம் வகுக்கவில்லை. காடு, மலை, வயல், கடல் சார்ந்த நான்கு நிலங்களுக்கு மட்டுமே உரிமை சொல்கிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று பிற்காலத்தில் சிலப்பதிகாரம் விளக்கியது. ஆனால் பாலைக்குப் பொழுது உண்டு: வேனிலும் நண்பகலும். அத்தோடு பின்பனியும் அதற்கு உரியது என்கிறது தொல்காப்பியம். மாசியிலும் பங்குனியிலும் பனி இறங்கும் காலம் எவ்வாறு பாலைக்குப் பொருந்தும் என்று முதுகலை வகுப்பில் நான் கேட்டிருக்கிறேன். பகலில் இளவெயிலும் இரவில் கடுங்குளிருமாகப் பெரியம்மா காட்டிய அந்நிலம் அக்கேள்விக்கு ஒரு விடைபோல இருந்தது. பாலை என்பது ஓரிடம் என்பதைவிட, பிரிந்து செல்லும் வழியின் பெயர். வழிக்கு எல்லாப் பருவமும் பொருந்தும்.

அதே நூலின் கற்பியலில் இன்னொரு செய்தியும் உண்டு. மக்களைப் பெற்று வளர்த்து, சுற்றத்தோடு வாழ்ந்து முடித்த தலைவனும் தலைவியும் முதுமையில் சிறந்ததைப் பயில்வதே கடந்தகால வாழ்வின் பயன் என்று அது கூறுகிறது. முப்பதாண்டுகள் கரும்பலகை முன் நின்ற இருவர், ஒரு பாலைவன மாலையில் மடக்கு நாற்காலி போட்டு அமர்ந்து, தேநீர் ஆற்றிக் குடித்ததை அந்தச் 'சிறந்ததன்' பட்டியலில் சேர்க்க எனக்குத் தயக்கமில்லை. இப்பதிவில் எங்கும் அவர்களை நான் எள்ளவில்லை என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன்.

எனினும் அந்த மாலைநேரத் தேநீர் எதன்மேல் நிற்கிறது என்று பார்க்கவேண்டும்.

குவார்ட்சைட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி அமெரிக்கக் கூட்டரசின் நில மேலாண்மைப் பணியகத்துக்கு உரியது. பொதுநிலத்தில் பொதுவாக 14 நாள்களுக்குமேல் ஓரிடத்தில் தங்கக்கூடாது. குளிர்காலம் முழுதும் தங்க விரும்புவோர் பெருகியதால், 1983இல் நீண்டகாலத் தங்கிடங்கள் தனியே ஒதுக்கப்பட்டன. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம். அதற்கான அனுமதிச்சீட்டு நெடுங்காலம் 180 டாலராக இருந்தது. ஏழு மாதத் தங்கலுக்கு அது மிகச் சிறிய தொகை. குடிநீர், குப்பை, கழிவுநீர் ஆகியவற்றுக்கும் ஏற்பாடு உண்டு.

முகவரிக்கும் வழியுண்டு. வீட்டை விற்றுவிட்டு முழுநேரமும் வண்டியில் வாழ்வோர் தெற்கு டகோட்டா, டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்களில் அஞ்சல் பெற்றுத்தரும் நிறுவனங்களின் முகவரியைத் தமதாக்கிக்கொள்கின்றனர். ஓட்டுநர் உரிமமும் காப்பீடும் அம்முகவரியிலேயே வருகின்றன. தெற்கு டகோட்டாவில் உரிமம் பெற ஓர் இரவு தங்கிய சான்றே போதுமானதாக இருந்துவந்தது. ஆக, அலையும் வாழ்வு எனப்படுவது உண்மையில் நிலம், அனுமதி, முகவரி, ஓய்வூதியம் என்னும் நான்கு அசையாத தூண்களின்மேல் நிற்கிறது. சக்கரம் சுழல அச்சு அசையாதிருக்கவேண்டும்.

அத்தூண்கள் சரிந்தவர்களும் அதே நிலத்தில் இருக்கிறார்கள். 2008ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவுக்குப்பின் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, பழைய வண்டிகளில் குடியேறி, கிடங்குகளிலும் கிழங்கு அறுவடையிலும் பருவக் கூலிகளாக உழைக்கும் முதியோரைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017இல் எழுதிய 'நோமேட்லேண்ட்' நூலை நண்பர்கள் அறிவீர்கள். குளோயி சாவ் அதைப் படமாக்கினார். 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. பெரியம்மா காட்டிய வெள்ளை வண்டிகளுள் எது எவருடையது என்று தொலைவிலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டும் ஒரே வகை வண்டி. இரண்டிலும் அடுப்பு எரிகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. முதல் கேரவன் பூங்கா 2022 பிப்ரவரியில் இடுக்கி மாவட்டத்தின் வாகமண்ணில் திறக்கப்பட்டது. வண்டி வாங்குவோருக்கு மானியம் உண்டு: முதல் 100 வண்டிகளுக்கு ஏழரை இலட்சம் ரூபாய் அல்லது முதலீட்டில் 15 விழுக்காடு, இவற்றுள் எது குறைவோ அது. பூங்கா அமைக்கக் குறைந்தது 50 சென்ட் நிலமும் ஐந்து வண்டிகளுக்கான நிறுத்திடமும் வேண்டும். சுற்றுலா என்ற அளவில் நல்ல சிந்தனைதான். காட்டை அழித்துக் கட்டடம் எழுப்புவதைவிட, வந்து நின்று போகும் வண்டி தீங்கு குறைந்தது.

ஆனால் வாகமண் பீர்மேடு வட்டத்தில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலைத் தோட்டங்கள் மூடப்பட்டு, ஊதியமும் பணிக்கொடையும் நிலுவையில் கிடக்க, ஒழுகும் லயங்களில் தொழிலாளர் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அதே வட்டம். சக்கரம் வைத்த வீட்டுக்கு மின்னிணைப்பும் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் அமைத்துத் தருவதில் நமக்குக் குழப்பமே இல்லை. அசையாத வீட்டில் நான்கு தலைமுறை வாழ்ந்தவர்க்கு அவ்வீடு யாருடையது என்பதில்தான் குழப்பம்.

'லயம்' என்பதைச் செவ்விசைச் சொல் என்று எண்ணவேண்டா. ஆங்கிலேயர் 'லைன்' என்றழைத்த வரிசைக் குடியிருப்பே நம் நாவில் லயம் ஆயிற்று. இலங்கை மலையகத்திலும் இதே சொல்தான். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்க்கும் குடும்பத்துக்கும் வீடு வழங்குவதை முதலாளியின் கடமையாக்கியது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் வீடும் முடியும்.

எல்லைப்புறத் தமிழ் குறித்த என் களப்பணியின்போது மூணாறுப் பகுதியில் ஒரு முதிய தம்பதியரைச் சந்தித்தேன். பெயரையும் தோட்டத்தையும் தவிர்க்கிறேன். அந்த அம்மா கொழுந்து பறித்தவர்; அவர் கணவர் தொழிற்சாலையில் இருந்தவர். இருவரும் ஓய்வுபெற்று ஆறாண்டுகள் ஆகின்றன. தங்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த லயத்தின் சாவியை ஒப்படைத்த பின்னரே பணிக்கொடை கைக்கு வந்தது என்றார்கள். மகனும் தோட்டத்தில் வேலை செய்வதால் அவனுக்குரிய லயத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, பேரப்பிள்ளைகள் இருவர் உட்பட ஆறு பேர்.

ஒவ்வோராண்டும் கார்த்திகை பிறந்ததும் இருவரும் போடிநாயக்கனூருக்குப் புறப்படுகிறார்கள். ஏறத்தாழ 70 கிலோமீட்டர். போடிமெட்டிலிருந்து கீழே 17 கொண்டையூசி வளைவுகள். ஒரு தகரப் பெட்டி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு கம்பளி. டிசம்பரிலும் சனவரியிலும் மூணாற்றில் புல்மேல் பனி உறைவதைப் படமெடுக்கச் சுற்றுலாப் பயணியர் மேலே ஏறும் நாள்களில், அந்த அம்மாவின் மூச்சிரைப்பு அவரைக் கீழே கொண்டுசெல்கிறது. போடியில் மாத வாடகைக்கு ஓர் அறை. அங்கே ஏலக்காய் பொறுக்கும் வேலைக்கு அவர் போகிறார். கணவர் ஒரு கடையில் இரவுக் காவலிருக்கிறார். பங்குனியில் மேலே திரும்புகிறார்கள். குளிர்காலத்தில் தெற்கிறங்கும் அமெரிக்கத் தம்பதியரின் நாட்காட்டியும் இவர்களுடைய நாட்காட்டியும் ஒன்றே.

நான் இயல்பாகக் கேட்டேன்: "வருஷா வருஷம் கீழ எறங்கிடுவீங்களாம்மா?"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாங்களா எங்க எறங்குறோம் தாயி? பனியில்ல எறக்குது."

என் ஆய்வேட்டின் ஓர் இயல் முழுவதும் விளக்க முயல்வதை ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

தமிழ் வினைச்சொற்களில் தன்வினை, பிறவினை என்னும் பாகுபாடு பள்ளியிலேயே நமக்குக் கற்பிக்கப்படுகிறது. இறங்கு – இறக்கு. நீங்கு – நீக்கு. நகர் – நகர்த்து. பெயர் – பெயர்த்து. வெளியேறு – வெளியேற்று. மெல்லின மெய் வல்லினமாவதும், ஓர் ஈறு கூடுவதுமான சிறு மாற்றத்தில் பொறுப்பு கைமாறுகிறது. மலையாளத்திலும் இதே ஒழுங்குதான்: இறங்ஙுக – இறக்குக. ஆங்கிலத்தில் ஒருவர் தாமே நகர்ந்தாலும் பிறர் நகர்த்தினாலும் வினை ஒன்றே. வேறுபாட்டை வாக்கிய அமைப்புதான் சொல்லவேண்டும். தமிழில் வினையடியிலேயே அது தெரிந்துவிடும். யார் செய்தது என்று கேட்காமல் தமிழில் ஒருவரை அசைக்கமுடியாது.

இத்தனை நுண்மையான கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதே என் கேள்வி. நம் ஆவணங்களையும் ஆய்வுக்கட்டுரைகளையும் எடுத்துப் பாருங்கள். 'இடம்பெயர்ந்தோர்' என்கிறோம். போரால் விரட்டப்பட்டவர்க்கும் அதே சொல். அணைக்காக எழுப்பப்பட்டவர்க்கும் அதே சொல். தொழிலாளி 'வீட்டைக் காலி செய்தார்' என்று பதிவாகிறது. 'ஓய்வு பெற்றார்' என்கிறோம். அந்த ஓய்வோடு அவர் எதைக் கொடுத்தார் என்பது வாக்கியத்தில் இல்லை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரைத் 'தாயகம் திரும்பியோர்' என்றே இன்றும் எழுதுகிறோம். அவர்களுள் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். போகாத ஊருக்குத் திரும்புவது எவ்வாறு? பிறவினை நின்றிருக்கவேண்டிய இடமெல்லாம் தன்வினை நிற்கிறது. அனுப்பியவர் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறார்.

ஓய்வுபெற்றோரின் அலைவாழ்வைப் பற்றி இப்போது ஆர்வம் பெருகியிருக்கிறது. 'வேர்களை அறுத்துக்கொண்ட விடுதலை' என்றெல்லாம் எழுதுகிறோம். அலைதல் இந்நாட்டில் நெடுங்காலம் குற்றமாக இருந்தது என்பதை அப்போது மறந்துவிடுகிறோம். 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் நாடோடிக் குடிகளைப் பிறவிக் குற்றவாளிகளாக்கியது. அது நீக்கப்பட்டது 1952இல்தான். இன்றும் சித்தூர்ப் பகுதியில் நெல்லறுப்பு முடிந்ததும் தமிழகத்திலிருந்து வாத்துக்கூட்டத்தோடு வந்து, வரப்பில் தார்ப்பாய் கட்டித் தங்கும் குடும்பங்களை ஊரார் ஓரக்கண்ணால்தான் பார்க்கிறார்கள். என் வீட்டிலும் அப்பார்வை இருந்தது, மறைக்கவில்லை. அதே வயலில் ஒரு வெள்ளைக் கேரவன் வந்து நின்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போயிருப்போம்.

இங்கே எழக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன்.

முதலாவது: "அந்த மூதாட்டியை வெறும் பாதிக்கப்பட்டவராகச் சித்திரிக்கிறாய். அவருக்கும் தன்விருப்பம் இல்லையா?" உண்டு. போடியின் வெயிலை அவர் விரும்புகிறார். சந்தையில் பேரம் பேசுவதையும் மாலையில் கோயில் வாசலில் தன் வயதுப் பெண்களோடு அமர்வதையும் முகம் மலரச் சொன்னார். அந்த நான்கு மாதமும் தன் சமையலைத் தானே தீர்மானிப்பது பிடித்திருக்கிறது என்றார். அதேபோல் பெரியம்மாவின் பயணத்திலும் பிறவினை கலந்திருக்கிறது. மகனுக்கு நீண்ட விடுப்பு கிடைப்பதில்லை. பேரனைப் பார்க்கவேண்டுமானால் இவர்கள்தாம் போகவேண்டும். வருகையாளர் விசாவின் ஆறு மாதமும் பாலைவனத்தில் கழியவில்லை, ஒரு வாரம்தான். எஞ்சிய நாள்களில் பேரனைப் பள்ளிக்கு அனுப்பி, மாலைவரை பூட்டிய வீட்டில் இருந்தார்கள். ஆகவே விருப்பமும் கட்டாயமும் எல்லோர் வாழ்விலும் கலந்தே உள்ளன. வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது: விருப்பம் மாறினால் திரும்பிவர ஒருவர்க்கு இடம் உண்டா?

இரண்டாவது: "தோட்டத் தொழிலாளர்க்குத் தமிழகத்தில் சொந்த ஊர் உண்டே." இதைச் சொல்வோர் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் மிகுதி, தமிழகத்திலும் குறைவில்லை. கயத்தாறு, சங்கரன்கோவில், தேனி என்று பாட்டனின் ஊர்ப்பெயர் தெரியும். அங்கே அவர்களுக்குக் குடும்ப அட்டை இல்லை, நிலம் இல்லை, பெயர்சொல்லி அழைக்க ஆளில்லை. கேரளத்திலோ, பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டால் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே முன்னோர் இம்மாநிலத்தில் வாழ்ந்ததற்கான சான்று கேட்கப்படுகிறது. நூறாண்டு கொழுந்து பறித்த குடும்பத்திடம் சான்று இல்லை. ஏனெனில் வீடு என்றும் அவர்கள் பெயரில் இருந்ததில்லை. ஓர் இரவுத் தங்கலுக்கு உரிமம் வழங்கிய மாநிலத்தை மேலே குறிப்பிட்டேன். இங்கே மூன்று தலைமுறை தங்கியும் போதவில்லை.

மூன்றாவது: "சுற்றுலாவையும் தொழிலாளர் வீட்டையும் ஏன் மோதவிடுகிறாய்?" மோதவிடவில்லை. கேரவன் பூங்காவை மூடச் சொல்லவுமில்லை. வீட்டை வேலையிலிருந்தும் நிலத்திலிருந்தும் பிரித்துச் சிந்திக்க அரசுக்குத் தெரியும் என்பதற்கு அது சான்று. முதியோர் ஓரிடத்தில் தங்குவதற்கு நீர், மின்சாரம், கழிவகற்றல், பாதுகாப்பு ஆகியவை வேண்டும் என்று கொள்கையாவணம் எழுதும் அளவுக்கு நமக்குக் கற்பனை இருக்கிறது. அந்தக் கற்பனை விருந்தினரோடு நின்றுவிடுவதையே கேட்கிறேன்.

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அக்குடும்பங்களில் வேலையிலிருந்து ஓய்ந்த முதியோரும் பள்ளிச் சிறுவரும் இருந்தார்கள். அவர்கள் அங்கே ஏன் இருந்தார்கள் என்று கேட்டால், வேறெங்கும் இருக்க இடமில்லை என்பதே விடை. அவ்விடையைத் தன்வினையில் எழுதிவிட முடியாது.

நான் கேட்பவை மிகச் சில. பணிக்கொடைச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. ஓய்வுபெற்று 30 நாளுக்குள் தொகையைத் தரவேண்டும் என்பது அதன் விதி. அதை வீட்டுச் சாவியோடு முடிச்சுப்போடும் வழக்கம் எங்கிருந்தாலும் ஒழியவேண்டும். ஓய்வுபெறும் தொழிலாளிக்கு, அவர் லயத்தை விட்டு வெளியேறும் நாளுக்கு முன்பே, தன் பெயரில் ஒரு வீடும் ஐந்து சென்ட் நிலமும் இருக்கவேண்டும். கேரளத்தின் லைஃப் வீட்டுத்திட்டம் நிலமற்றோரையும் கருத்தில் கொண்டது. ஓய்வு நாளையும் வீடு கிடைக்கும் நாளையும் அது இணைக்கவேண்டும். எல்லை தாண்டிப் பருவத்துக்கொருமுறை நகரும் முதியோருக்கு ஓய்வூதியமும் மருத்துவமும் போடியிலும் மூணாற்றிலும் ஒருசேரக் கிடைக்க இரு மாநில அரசுகளும் பேசவேண்டும்.

நம்மைப் போன்ற ஆய்வாளர்க்கும் ஒரு வேண்டுகோள். வினாநிரலில் 'சொந்த ஊர்', 'தற்போதைய முகவரி', 'இடம்பெயர்ந்த ஆண்டு' என்று மூன்று கட்டங்கள் போடுகிறோம். 'அனுப்பியது யார்' என்று நான்காவதாக ஒன்று சேர்ப்போம். ஒருவர் பிறவினையில் சொன்னதைத் தன்வினையில் பெயர்த்தெழுதாமல் இருப்போம். அந்த அம்மாவின் வாக்கியத்தை என் குறிப்பேட்டில் முதலில் 'குளிர்காலத்தில் கீழே இறங்குகின்றனர்' என்றுதான் எழுதியிருந்தேன். ஒலிப்பதிவை மறுபடி கேட்டபோதுதான் என் பிழை தெரிந்தது.

பெரியம்மாவின் கேள்விக்கும் விடை சொல்லவேண்டும். தமிழ்த் தொகைச்சொற்களில் பொதுவாக இறுதிச்சொல்லே தலைமைச்சொல். 'வீட்டுவண்டி' என்றால் அது ஒருவகை வண்டி; 'வண்டிவீடு' என்றால் அது ஒருவகை வீடு. ஊரில் வீட்டை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஊர்சுற்றுபவருக்கு அது வீட்டுவண்டி. வீடிழந்து அதிலேயே வாழ்பவருக்கு அது வண்டிவீடு. "உங்களோடது வீட்டுவண்டி பெரியம்மா" என்று செய்தி அனுப்பினேன். "நல்ல பேரு கண்ணு. அப்ப அந்த இன்னொண்ணு யாருக்கு?" என்று கேட்டார். முப்பதாண்டு ஆசிரியர் அல்லவா, கேட்காமல் விடமாட்டார். அதற்கு விடையாகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பங்குனி இறுதியில் அவர்கள் திரும்பினார்கள். எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிய சாவியைத் தம்பி எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவைத்தான். ஏறக்குறைய அதே வாரத்தில் போடியிலிருந்து மூணாற்றுக்கு அந்த இருவரும் பேருந்தேறியிருப்பார்கள். அவர்களிடம் இருப்பது தகரப்பெட்டியின் சாவி ஒன்றுதான்.